குக்கருக்கு மூன்று விசில் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏழாவது படிக்கிற என் மகள் கிளப்பிவிட்ட கேள்வி இது. போன ஞாயிற்றுக்கிழமை துவரம்பருப்பைக் குக்கரில் வைத்துவிட்டு, "மூணு விசில் வந்ததும் அணைச்சிடு பாப்பா" என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். இறங்கி வந்து திறந்து பார்த்தால் பருப்பு பாதிதான் வெந்திருக்கிறது, விரலில் நசுக்கினால் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு நிற்கிறது. சீக்கிரம் ஆகட்டும் என்று தீயை முழுதாகக் கூட்டிவிட்டாளாம், விசில் மூன்றும் கடகடவென்று வந்துவிட்டன, அவளும் சொன்னபடியே அணைத்துவிட்டாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

அப்புறம் அவளே குக்கரோடு வந்த புத்தகத்தை அலமாரியில் இருந்து தேடி எடுத்து, அதில் எல்லாம் நிமிடக் கணக்குதான் போட்டிருக்கிறது, விசில் கணக்கே இல்லை என்று காட்டினாள். எனக்கு என் அம்மா சொன்னது மூன்று விசில். மாமியார் வீட்டில் பருப்புக்கு நான்கு, கொண்டைக்கடலைக்கு ஏழு. யாரும் நிமிடம் பார்த்து நான் கண்டதில்லை.

கேட்க வந்தது இதுதான். குக்கரை முதலில் செய்தது யார்? விசில் அப்போதே இருந்ததா, நம் ஊரில் வந்ததா? குக்கர் வருவதற்கு முன்னால் வீடுகளில் என்ன வைத்திருந்தார்கள்? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், அவளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

—

கரும்பலகை எழுதியது:

அம்மா, நான் முப்பது வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். வெப்பப் பாடம் வரும்போதெல்லாம் வகுப்புக்கு வீட்டுக் குக்கரையே தூக்கிக்கொண்டு போவேன். உங்கள் மகள் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செய்தவர் டெனி பாப்பான். பிரான்சில் புளுவா என்ற ஊர்ப் பக்கம் 1647-ல் பிறந்தவர், படித்தது மருத்துவம், மனம் போனது காற்று, நீராவி, வெற்றிடம் பக்கம். பாரிசில் ஹைகன்ஸ் என்ற விஞ்ஞானியிடம் உதவியாளராக இருந்தார், பிறகு லண்டன் போய் ராபர்ட் பாயிலோடு வேலை பார்த்தார். வாயுவின் அழுத்தத்துக்கும் கன அளவுக்கும் உள்ள தொடர்பை உங்கள் மகள் இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் படிப்பாள், அந்த பாயில்தான். 1679-ல் பாப்பான் தன்னுடைய பாத்திரத்தை லண்டனில் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்தில் காட்டினார். கனமான உலோக உருளை, அதன் மேல் மூடி, அந்த மூடியை இறுக்கிப் பிடிக்கத் திருகு. அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'செரிப்பான்' என்று வரும். அதில் அவர் சமைக்க நினைத்தது சோறும் இல்லை, பருப்பும் இல்லை. எலும்பு! கறிக்கடையில் தூக்கிப் போடுகிற எலும்பை வேகவைத்து மென்மையாக்கி, அதில் இருக்கிற சத்தை இறக்கி ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்பது அவருடைய எண்ணம். 1681-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

1682 ஏப்ரல் 12-ஆம் தேதி ராயல் சொசைட்டிக்காரர்களுக்கு அதில் சமைத்து விருந்து போட்டிருக்கிறார். அந்த விருந்தில் சாப்பிட்ட ஜான் ஈவ்லின் அன்றைக்கே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்ததால் இன்று நமக்கு மெனு தெரிகிறது. மாட்டின் கெட்டி எலும்பும் ஆட்டு எலும்பும் பாலாடைக்கட்டி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டனவாம், மீனை முள்ளோடு சேர்த்தே தின்றார்களாம், எல்லாவற்றிலும் புறாக்கறிதான் ருசி என்று மனிதர் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் எரித்த கரி எட்டு அவுன்ஸுக்கும் குறைவு, நம் கணக்கில் கால் கிலோ கூட வராது. குக்கர் என்றாலே எரிபொருள் மிச்சம் என்கிற பேச்சு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

இப்போது விசிலுக்கு வருகிறேன். மூடியை இறுக்கிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. திறந்து கிளறிப் பார்க்கவும் முடியாது. சமையலில் அதுவரை யாருக்கும் வராத சிக்கல் இது, ஏனென்றால் மண்சட்டியில் வைத்தால் கரண்டியை விட்டு ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கலாம், மூடி வைத்த இரும்பில் என்ன செய்வது? பாப்பான் இதற்கு இரண்டு வழி வைத்திருந்தார். அழுத்தத்துக்கு ஒன்று: மூடியில் சின்ன ஓட்டை, அதன் மேல் அடைப்பு, அடைப்பை அழுத்திப் பிடிக்க ஒரு நெம்புகோல், கோலின் முனையில் தொங்குகிற எடை. ஆவி மிஞ்சினால் எடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். இன்று உங்கள் குக்கர் மேல் உட்கார்ந்திருக்கிற குண்டுக்குத் தாத்தா அதுதான். அடுத்தது சூட்டுக்கு: மூடியில் இருந்த சின்னப் பள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார், கூடவே ஒரு ஊசல் ஆடிக்கொண்டிருக்கும், சொட்டு வற்றுவதற்குள் ஊசல் எத்தனை ஆட்டம் ஆடுகிறது என்று எண்ணுவார். சீக்கிரம் வற்றினால் சூடு அதிகம்.

அந்தக் காட்சியை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மூடிய பாத்திரத்துக்கு முன்னால் ஒருவர் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார். உங்கள் அம்மா மூன்று விசில் எண்ணியதும் இதே வேலைதான்.

சூட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் ஏறாது, ஆவியாகத்தான் போகும். அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு ஏற்றினால், அதாவது சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, 121 டிகிரி வரை போகலாம். கூடுவது 21 டிகிரிதான், ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகும் வேகம் இரட்டிக்கும் என்று வைத்துக்கொண்டால் நாலு மடங்கு சீக்கிரம்.

பாப்பான் பிறகு ஜெர்மனி போய் 1690-ல் உருளையும் உந்துதண்டும் வைத்த நீராவிக் கருவியின் சின்ன மாதிரி ஒன்றைச் செய்தார். கடைசியில் லண்டனில் ஆதரவில்லாமல் வறுமையில் இறந்தார். எனக்கு அது எப்போதும் வருத்தம்தான். பாடப்புத்தகத்தில் நீராவி இயந்திரம் என்றாலே வருகிற ஜேம்ஸ் வாட்டுக்குக் கிடைக்கிற இடத்தில் கால்வாசியாவது இவருக்கும் கொடுக்கலாம்.

—

மாயவரம் பாட்டி எழுதியது:

கரும்பலகை சார் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். வீடுகளில் குக்கருக்கு முன்னால் என்ன என்று பெண் கேட்டிருக்கிறாளே, அதை நான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ருக்மணி குக்கர் இருந்தது. பெயரில் குக்கர் இருந்தாலும் அது பிரஷர் குக்கர் இல்லை. பித்தளையில் உயரமாக ஒரு டிரம் மாதிரி இருக்கும். அடியில் கரி போடுகிற இடம், அதற்கு மேலே தண்ணீர், அதற்கு மேலே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கு. ஒன்றில் அரிசி, ஒன்றில் பருப்பு, மேலே காய். கரியைப் பற்றவைத்து மூடிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். கரி தானாகவே தணிந்து போகும், சாப்பாடு சூடாகவே இருக்கும். என் சித்தப்பா வெளியூரில் வேலை பார்த்தபோது தனியாளாக அதை வைத்துக்கொண்டுதான் பல வருஷம் ஓட்டினார். காலையில் பற்றவைத்துவிட்டுக் குளித்து, பூஜை முடித்து வந்தால் சாப்பாடு தயாராக இருக்கும். வங்காளத்தில் இதே மாதிரி ஒன்றை இந்துமாதவ் மல்லிக் என்பவர் 1910-ல் செய்தார், அதற்கு இக்மிக் குக்கர் என்று பெயர். இரண்டிலும் வெறும் ஆவிதான், அழுத்தம் கிடையாது, அதனால் விசிலும் கிடையாது.

பிரஷர் குக்கர் எங்கள் வீட்டுக்கு வந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு. அப்போது ஸ்டவ்தான், மண்ணெண்ணெய் ரேஷனில் அளந்து ஊற்றுவார்கள், மாசக் கடைசியில் டின்னைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம். குக்கர் வந்த பிறகு அதே எண்ணெய் இன்னும் ஒரு வாரம் கூடுதலாக வந்தது. அதனால்தான் நான் அதை விடவில்லை. ஆனால் என் மாமனார் கடைசி வரை குக்கர் சாதம் தொடவில்லை. கஞ்சி வடிக்காத சாதம் வயிற்றில் கல்லாக உட்காரும் என்பார், மறுநாள் பழையதுக்கும் அது சரிப்படாது என்பார். அவருக்கு மட்டும் வெண்கலப் பானையில் வடித்து வைத்தேன், பருப்பு மட்டும் குக்கரில். அப்படியே பதினாறு வருஷம்.

விசில் விஷயம் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த அளவில் அது சத்தத்துக்காக நிலைத்தது. சமையலறையில் கடிகாரம் யார் வீட்டில் இருந்தது? கூடத்தில் ஒன்று மாட்டியிருக்கும், அதையும் பார்க்க யாரையாவது கூப்பிட வேண்டும். கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாலும் விசில் காதில் விழும். பக்கத்து வீட்டு விசிலையும் நம் விசிலையும் சத்தத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுவோம்.

—

குக்கர் ரிப்பேர் திண்டுக்கல் எழுதியது:

எங்கள் அப்பா காலத்தில் இருந்து குக்கர், மிக்சி சர்வீஸ் கடை வைத்திருக்கிறோம். விசில் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும்.

பாட்டி சொன்னது சரிதான். இரண்டு பெரிய கம்பெனிகளும் இங்கே 1959-லேயே ஆரம்பித்துவிட்டன. ஹாக்கின்ஸ் பம்பாயில். பிரஸ்டீஜ் பெங்களூரில், டி.டி.கே. குழுமம் பிரிட்டன் கம்பெனியோடு கைகோத்துச் செய்தது. அதற்கு முன்பே ஸ்பெயினில் சரகோசா ஊர்க்காரர் ஒருவர் 1919 வாக்கிலேயே வீட்டுக் குக்கருக்கு பேட்டன்ட் வாங்கியிருக்கிறார், அமெரிக்காவில் 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பிரஸ்டோ குக்கரை வைத்தார்கள். அந்த ஊர் மாடல்களில் பல நம்முடைய மாதிரி விசில் அடிக்காது. ஒன்று, குண்டு தொடர்ந்து ஆடிக்கொண்டே புஸ் புஸ் என்று விடும். இல்லையென்றால் ஸ்பிரிங் வால்வு, சத்தமே இருக்காது. சுவிட்சர்லாந்தில் கூன் ரிகோன் கம்பெனி 1949-லேயே அப்படிச் செய்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு வந்து "அண்ணா, இது விசிலே அடிக்க மாட்டேங்குது, கெட்டுப்போச்சு" என்று கடைக்குத் தூக்கி வருவார்கள். கெடவில்லை, அதன் ஜாதியே அதுதான்.

நம் குக்கரில் குண்டு எப்படி வேலை செய்கிறது என்று பாப்பாவுக்குச் சொல்லுங்கள். ஓட்டையின் குறுக்களவு 3 மில்லிமீட்டர் என்று வையுங்கள், பரப்பு சுமார் 0.07 சதுர சென்டிமீட்டர் வரும். அதன் மேல் 70 கிராம் குண்டை வைத்தால், உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் ஏறுகிற வரை குண்டு அசையாது. ஏறியதும் எழும்பும், ஆவி பீறிக்கொண்டு வரும், அழுத்தம் கொஞ்சம் குறையும், திரும்ப உட்காரும். அவ்வளவுதான் விசில். அதனால் விசில் சொல்வது "உள்ளே போதிய அழுத்தம் வந்துவிட்டது, மிச்சத்தை வெளியே விட்டுவிட்டேன்" என்பது மட்டும்தான். எவ்வளவு நேரம் வெந்தது என்று அது சொல்லவே சொல்லாது. தீ பெரிதாக இருந்தால் ஆவி வேகமாகச் சேரும், விசிலும் அடுத்தடுத்து வரும், பருப்பு வேக நேரம் கிடைக்காது. முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துவிட்டு அங்கிருந்து நிமிடம் எண்ணுவதுதான் முறை. கம்பெனி புத்தகம் நிமிடத்தில் சொல்வது அதனால்தான். பாப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அம்மாக்களின் மூன்று விசிலும் தப்பு இல்லை, ஏனென்றால் அவர்கள் தினமும் அதே அடுப்பு, அதே தீ, அதே அளவு பருப்பு வைத்தார்கள். எல்லாம் மாறாமல் இருந்தால் விசிலே கடிகாரம் ஆகிவிடும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து எல்லோரும் வாசியுங்கள். எங்கள் சொந்த வீட்டில் ஒரு தடவை குக்கர் வெடித்தது. நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மா உளுந்து வைத்திருந்தார், அளவுக்கு மேல் நிரப்பிவிட்டார், நுரை ஏறி ஆவிக்குழாய் அடைத்துக்கொண்டது. அப்படி அடைத்தால் காப்பாற்ற சேஃப்டி வால்வு இருக்கிறது, அதற்குள் இருக்கும் ஈயம் மாதிரியான உலோகம் சூட்டில் உருகி வழிவிட வேண்டும். அதற்கு முந்தின மாதம் சந்தையில் மலிவாக ஒரு டூப்ளிகேட் வால்வு வாங்கிப் போட்டிருந்தோம், அது உருகவில்லை. மூடி பரணில் போய் அடித்தது, சுவரில் இன்னும் அந்தப் பள்ளம் இருக்கிறது. அம்மா அந்த நேரம் பின்கட்டில் இருந்தார். நாங்கள் அன்றில் இருந்து டூப்ளிகேட் சாமான் கடையில் வைப்பதில்லை, வியாபாரம் போனாலும் பரவாயில்லை.

இப்போது வரும் பல குக்கர்களில் மூடி விளிம்பில் நீளமாக ஒரு திறப்பு வெட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அழகுக்கு இல்லை அது. குண்டும் அடைத்து வால்வும் கைவிட்டால், உள்ளே இருக்கும் கேஸ்கட் ரப்பர் அந்தத் திறப்பு வழியாகப் பிதுங்கி, ஆவி அந்தப் பக்கமாகப் போய்விடும், மூடி பறக்காது. ஹாக்கின்ஸில் வேறு ஏற்பாடு, மூடி உள்பக்கமாகப் போய் உட்காரும், உள்ளே அழுத்தம் இருக்கும் வரை அதுவே மூடியை விளிம்போடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும், திறக்க முடியாது. 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கர் விற்கவே கூடாது, ஐ.எஸ். 2347 என்ற எண் அடியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தினமும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மூடியைக் கழுவியதும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஆவிக்குழாய் வழியாகப் பாருங்கள். மறுபக்கம் வெளிச்சம் பொட்டு மாதிரித் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஊசியால் குத்தி எடுங்கள். பருப்பு, உளுந்து எது வைத்தாலும் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினால் இன்னும் நல்லது.

—

குன்னூர் குளிர் எழுதியது:

திண்டுக்கல் அண்ணா சொன்ன விசில் கணக்கு எங்கள் மலையில் இன்னும் இடிக்கும். ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பானையில் வைத்தால் பட்டாணி மதியம் வரை கொதித்தாலும் தோல் மட்டும் கழன்றிருக்கும், உள்ளே கெட்டி. குக்கர் இல்லாமல் இங்கே குடும்பம் நடத்துவது கஷ்டம். குக்கரிலும் குண்டு தூக்குகிற அழுத்தம் வெளிக்காற்றுக்கு மேலே கணக்கு, வெளிக்காற்றே இங்கே குறைவு, அதனால் உள்ளே 121-க்குப் பதில் 116 பக்கம்தான் நிற்கும். கீழே மேட்டுப்பாளையத்தில் அத்தை மூன்று விசில் விடுகிற பருப்புக்கு நாங்கள் ஐந்து விடுகிறோம்.

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். அங்கே கருவிகளைக் கிருமி நீக்கம் செய்கிற ஆட்டோகிளேவ் வேறு ஒன்றும் இல்லை, பெரிய குக்கர்தான். 121 டிகிரி, 15 பவுண்டு, 15 நிமிடம். வெறும் கொதிநீரில் சாகாத வித்துகள் சில கிருமிகளுக்கு உண்டு, இந்தச் சூட்டில்தான் சாகும். கிருமிகளை ஆராய்ந்த லூயி பாஸ்டரோடு வேலை பார்த்த சார்லஸ் சாம்பர்லான் 1879-ல் இதைச் செய்தார், பாப்பான் காட்டியதற்குச் சரியாக 200 வருஷம் கழித்து. நாங்கள் லேபில் விசில் எண்ணினால் வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள், முள் 15-ஐத் தொட்ட பிறகுதான் நேரம் ஓடும். பாப்பா லேபுக்கு வந்தால் காட்டுகிறேன்.

—

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி முழுவதையும் அவளுக்கு வாசித்தேன். முள்ளோடு மீன் தின்ற இடத்தில் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னாள். திண்டுக்கல் அண்ணா, உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாதது தெய்வாதீனம். வாசித்த கையோடு மூடியை லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், பாதி அடைத்திருந்தது. இத்தனை வருஷமாக வெளியே மட்டும் பளபளவென்று தேய்த்திருக்கிறேன்.

இன்று காலை அவள் சொட்டுத் தண்ணீர் சோதனை செய்தே தீருவேன் என்று நின்றாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டேன், குண்டுக்கு எதிர்ப்பக்கமாக நீளக் கரண்டிக் காம்பில்தான் சொட்டு விட்டோம். ஊசலுக்கு நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டாள். ஆவி வருவதற்கு முன்னால் வைத்த சொட்டு சாவி அறுபது ஆட்டம் ஆடியும் வற்றாமல் அப்படியே கிடந்தது. முதல் விசில் வந்து சிம்மில் வைத்த பிறகு விட்ட சொட்டு ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் விட்டுக்கொண்டே பதினெட்டாவது ஆட்டத்தில் காணாமல் போய்விட்டது. அங்கிருந்து கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் வைத்தோம். பருப்பு மசிந்துவிட்டது.

கரும்பலகை சார், நூல் நீளத்தை மாற்றினால் கணக்கு மாறுமா, பாப்பான் எவ்வளவு நீள ஊசல் வைத்திருந்தார் என்று கேட்கச் சொல்கிறாள்.

—

கரும்பலகை எழுதியது:

கட்டாயம் மாறும். நூல் நீண்டால் ஆட்டம் மெதுவாகும். ஒரு மீட்டருக்கு அரை சென்டிமீட்டர் குறைவாகக் கட்டச் சொல்லுங்கள், இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குப் போக ஒரு வினாடி ஆகும், அப்படிப் போவதை ஒன்று, வருவதை இரண்டு என்று எண்ண வேண்டும். அதே சொட்டு, அதே இடம், மூன்று தடவை செய்து சராசரி எடுக்கட்டும். சொட்டு விட கரண்டிக் காம்பை விட மருந்துக்கடை சொட்டுக்குழல் நல்லது, ஒரே அளவில் விழும். எண்களை இங்கே போடுங்கள், நானும் வீட்டில் செய்து என்னுடையதைப் போடுகிறேன்.